மண்டியிடக் கூடாத அறை

எங்கள் பள்ளியில் வேதாகமப் பாடம் நடத்துவது என் வேலை. நெருப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மோசே பார்த்த எரியும் முட்செடியும் என் வீட்டுக் கரியடுப்பும்தான். அப்படிப்பட்ட என்னை ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு மணல் வாளியோடும் ஈரப் போர்வையோடும் உட்கார வைத்தார் எங்கள் தலைமையாசிரியர் நிரோங்கோ.

ஆய்வுக்கூடம் சில வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. முன்பிருந்த ஆசிரியரின் காலத்தில் அங்கே ஒரு பையனின் உள்ளங்கைகள் வெந்துபோயின. அவனை மடியில் கிடத்தி ரும்பி ஆஸ்பத்திரி வரைக்கும் பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவர் நிரோங்கோதான். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி வந்தவர் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டார்.

இந்த வருடம் வேதியியலுக்குப் புதிதாக வந்த தவோங்கா முந்தாலி அந்தச் சாவியை விடவில்லை. வயதில் சிறியவள், பொறுமைசாலி. வாரம் தவறாமல் போய்க் கேட்டாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"முதல் வகுப்புக்கு நானே வந்து பாப்பேன். ஒரு பிள்ளைக்கு ஒரு விரல் சுட்டாலும் சாவி என்கிட்ட வந்துடணும். அப்புறம் நெருப்பக் கரும்பலகையில படமா வரைஞ்சுக்குங்க. இன்னொரு பெரிய ஆளும் கூட இருக்கணும். நியாகோண்ட்வேக்கு அந்த நேரம் வகுப்பு இல்லைதானே?"

நியாகோண்ட்வே நான்தான். கோண்ட்வே குலத்துப் பெண் என்பதால் இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் முந்தாலி பிள்ளைகளை ஒத்திகைக்குக் கூட்டி வந்தாள். ஃபார்ம் ஒன், உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடப் பிள்ளைகள். கண்ணாடிக் குழாய் எதையும் தொட்டுப் பார்த்திராதவர்கள். மைக்கூட்டில் திரி போட்டுச் செய்த ஸ்பிரிட் விளக்குகள் மேசைக்கு ஒன்றாக இருந்தன. தன் மேசையில் இருந்ததை மட்டும் ஏற்றிவிட்டு அவள் சன்னல்களைத் திறக்கப் போனாள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த சுஸ்கோ என்ற பையன் எட்டிப் பார்த்தான். கன்னத்தை உப்பிக்கொண்டு ஓங்கி ஒரு ஊது ஊதினான். விளக்கு அணைந்துபோயிற்று.

"யாரு ஊதச் சொன்னா?" என்று கேட்டாள் முந்தாலி.

"பாவம், சாகப் போகுதேன்னு ஊதினேன் மேடம். வீட்டுல கரி மங்கினா ஊதினாத்தானே பிடிச்சுக்கும்."

"இது கரி இல்லப்பா. ஊதினா சுடர் உன் மூஞ்சிக்கே திரும்பும். அணைக்கிறதுக்கும் ஊதக் கூடாது, மூடியப் போட்டா தானா அடங்கிடும்."

"அப்ப வாயால செய்யற வேலை ஒண்ணுமே இல்லையா மேடம்?"

"இருக்கு. மூடி வச்சிருக்கறது."

சிரிப்பு அடங்கியதும் அவள் விதிகளைச் செய்து காட்டினாள். சட்டைக் கையை மடிப்பது, குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் எடுக்காதது, இடுக்கியால் குழாயின் மேல்பக்கத்தைப் பிடிப்பது. குழாயை ஒரே இடத்தில் காட்டாமல் சுடருக்குள் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் வாய் எந்த மனிதரையும் பார்த்து இருக்கக் கூடாது. அறையில் பாதுகாப்புக் கண்ணாடிகள் குறைவு. அதனால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கண்ணாடி போட்டவர்கள் மட்டும் கோட்டைத் தாண்டலாம்.

"தண்ணி கொதிக்க வைக்கறதுக்கா இவ்வளவும்?" என்று சுஸ்கோ முனகினான். "எங்க அம்மா தெனம் சோளமாவுல சிமா கிண்டறா. கண்ணாடி போட்டுக்கிட்டா கிண்டறா?"

"சிமா தெறிச்சு உங்க அம்மா கையில பட்டதே இல்லையா?"

அவன் யோசித்தான். "படும் மேடம். பட்டா எங்கள அடிப்பா."

பிறகு நெருப்பில்லாமலே எல்லாரும் குழாயும் இடுக்கியுமாகப் பழகினார்கள். அழகாகத்தான் செய்தார்கள். முந்தாலி திருப்தியோடு, "சரி, இப்ப எல்லாரும் எனக்குக் காட்டுங்க" என்றாள்.

அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் மேசையோரம் மண்டியிட்டார்கள். பையன்கள் பாதி குனிந்தார்கள். இடது கை வலது முழங்கையைத் தாங்க, குழாய்கள் எல்லாம் காணிக்கை போல அவளை நோக்கி நீண்டன. அத்தனை குழாய்களின் வாயும் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. மண்டியிட்ட பிள்ளைகளின் கண்களோ விளக்குத் திரிகளுக்கு நேராக இருந்தன.

முந்தாலி முதலில் திகைத்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் கொடுப்போம். நிற்கக் கற்றுக்கொள்ளும் முன்பே மண்டியிடக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள்.

"இந்த அறையில, விளக்கு எரியறப்ப, யாரும் யாருக்கும் மண்டியிடக் கூடாது" என்றாள் அவள், சிரிப்பைத் துடைத்துக்கொண்டு.

வெஸி என்ற பெண் கை தூக்கினாள். அவள் அம்மா சபைப் பாடகர் குழுவில் முதல் வரிசை. இவள் மண்டியிட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு பணிவு. அதைவிடப் பயம்.

"தப்பா நெனக்காதீங்க மேடம். நின்னுக்கிட்டே பெரியவங்க முன்னால நீட்டினேன்னு தெரிஞ்சா எங்க அம்மா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டா. நாளைக்கு நிரோங்கோ சார் வேற வர்றாரு."

முந்தாலி என்னைப் பார்த்தாள். பதில் சுஸ்கோவிடமிருந்து வந்தது.

"ஏய், போர்வெல்லேர்ந்து தலையில தண்ணி வாளியோட வர்றே. எதுக்கால சார் வர்றாரு. அப்ப மண்டி போட்டு அவரு மேலேயே கொட்டுவியா?"

"சீ. அப்ப எப்படிப் போடுறது? எறக்கி வச்சிட்டுத்தான் போடுவேன்."

"அப்ப இதையும் எறக்கி வச்சிட்டுப் போடு. வாயாடாம."

"யாரு வாயாடறது?" என்றாள் வெஸி. ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் விளக்குகள் நிஜமாகவே எரிந்தன. நான் மணல் வாளியின் அருகில் உட்கார்ந்து மனதுக்குள் வேதாகமச் சங்கீதம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெஸி தன் மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு குழாயைச் சுடரில் ஆட்டிக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து சிறு குமிழிகள் எழுந்தன. அதைப் பார்த்து அவள் சிரித்த நேரத்தில் தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

அவர் எதையும் கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நடந்தார். கோட்டை மிதித்துத் தாண்டினார். முந்தாலி அறையின் மறுகோடியில் ஒரு பையனின் இடுக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் அவர் வெஸியின் மேசைக்கு வந்து, குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று மேலிருந்து குனிந்து பார்க்கப் போனார்.

"எங்க, காட்டு" என்றார்.

வெஸியின் முழங்கால்கள் மடங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். இடது கை தானாக வலது முழங்கையைத் தேடிப் போயிற்று. எனக்குச் சங்கீதம் மறந்துபோயிற்று. கொதிக்கிற குழாய், அதன் வாய்க்கு மேல் அவர் முகம், திரிக்கு நேராக இறங்கிக்கொண்டிருக்கும் அவள் முகம்.

பாதியில் அவள் நிமிர்ந்தாள். குழாயைச் சுடரிலிருந்து எடுத்து, அதன் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சார், கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

நிரோங்கோவைப் போகச் சொன்னவர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது.

"யாரைச் சொல்ற?"

"உங்களத்தான் சார்." குழாயின் வாய் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. "நீங்க கண்ணாடி போடல."

அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன?"

"அது படிக்கிற கண்ணாடி சார். பக்கமெல்லாம் தெறந்து கெடக்கு."

பின்னால் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். தலைமையாசிரியர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

வெஸி குழாயைத் தாங்கியில் நிறுத்தினாள். விளக்கை மூடி போட்டு அடக்கினாள். மேசையை விட்டு வெளியே வந்து, அவர் முன்னால் நிதானமாக மண்டியிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். கையில சூடு இருந்துச்சு."

முந்தாலி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் நெற்றி வேர்த்திருந்தது. சாவி போய்விட்டது என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எந்திரிம்மா" என்றார் அவர். பிறகு முந்தாலியிடம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, மெல்லச் சொன்னார்: "அன்னைக்கு அந்த வாத்தியார் நெருப்புல இருந்த பீங்கான் கிண்ணத்த இடுக்கியால எடுத்து நீட்டினாரு. மேசையில வைக்கச் சொல்லித்தான் நீட்டினாரு. பெரியவரு குடுக்கறாரேன்னு பையன் ரெண்டு கையையும் ஏந்தி வாங்கிட்டான். கீழ போடவும் இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். என்ன மரியாதையான பையன்னு நெனச்சேன். அத நெனச்சு முடிக்கிறதுக்குள்ள…"

கர்த்தர் அறிவார், அந்தச் சாவி அவர் இடுப்பில் எவ்வளவு கனத்திருக்கும். வருடக்கணக்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று ஆசிரியர் அறையில் பேசியவர்கள் நாங்கள். ஒருவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது சார் என்று கேட்டதில்லை. ஒரு கோப்பைத் தேநீரோடு கேட்டிருக்கலாம்.

முந்தாலி தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள்.

"நானா?" என்றார் அவர்.

"வெஸி பாத்துக்குவா சார்."

அந்தக் கண்ணாடியின் வார் அவர் தலைக்குப் போதவில்லை. இழுத்து மாட்டியதும் காதுகள் இரண்டும் முன்னால் மடங்கிக்கொண்டன. பிள்ளைகள் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்கள். அவர் குழாயில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"மூணுல ஒரு பங்கு சார்."

"கொஞ்சம் கூட இருந்தா என்ன?"

"கொட்டிருங்க சார்."

கொஞ்சம் கொட்டினார். கொட்டியதாகப் பேர்.

"ஆட்டிக்கிட்டே இருங்க சார். சுவரப் பாத்து வச்சுக்குங்க. ஆங், அப்படித்தான்."

ஆட்டினார். தண்ணீர் முனக ஆரம்பித்தது. குமிழிகள் வரத் தொடங்கியதும் அந்த மனிதர் எல்லாவற்றையும் மறந்துபோனார். ஆட்டுவதை நிறுத்திவிட்டு, சின்னப் பிள்ளை போல வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஆட்டுங்க—"

குழாய் ஒரு துள்ளுத் துள்ளியது. பாதித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கப் பாய்ந்து எதிர்ச் சுவரில் அடித்து வழிந்தது. நான் போர்வையோடு எழுந்துவிட்டேன். சுவரிலிருந்து ஆவி எழுந்தது. அங்கே ஒருவரும் இல்லை.

அவர் குழாயைக் கீழே போடவில்லை. மெல்லத் தாங்கியில் வைத்தார்.

"யாருக்காவது பட்டுதா?"

"இல்ல சார்" என்றாள் வெஸி.

"நல்லாப் பாருங்க. ஒவ்வொருத்தரும் கையக் காட்டுங்க."

எல்லாரும் கைகளை விரித்துத் தூக்கிக் காட்டினார்கள். நானும் தூக்கினேன். எங்கும் ஒரு சிவப்பும் இல்லை. அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்து முடிக்கும்வரை யாரும் கையை இறக்கவில்லை.

"சுவருக்கு மட்டுந்தான் சார் சுட்டுது" என்றான் சுஸ்கோ. "அதுக்கு விரல் கிடையாது."

தலைமையாசிரியர் சிரித்தார். அந்தக் கண்ணாடியோடு, மடங்கிய காதுகளோடு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அறையில் யார் சிரிக்கிறார்கள் யார் கைதட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. வெஸி மட்டும் சிரித்துக்கொண்டே விளக்கின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டாள்.

ஒருவரை நோகவிடாமல் காப்பதும் மரியாதைதான் என்று நான் பல வருடம் பிரசங்கித்திருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் வெஸியின் அம்மாவைப் பார்த்து, உங்கள் மகள் இன்று ஒரு பெரியவர் முன்னால் நின்றாள், அதற்காக அவளைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன். சொல்லவும் செய்தேன்.

குழாய்கள் ஆறிய பிறகு கழுவும் வேலை. பயன்படுத்தியவர்தான் கழுவ வேண்டும். வெளியே தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியர் தன் குழாயோடு வந்ததும் வரிசை பட்டென்று விலகி வழி விட்டது. அவர் கையசைத்து மறுத்துவிட்டு, சுஸ்கோவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"முந்தாலி மேடம்" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை ஃபார்ம் டூ பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துருங்க. அவங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

"சரிங்க சார்" என்றாள் அவள். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டாள்.

அவர் முறை வந்தது. பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, அலசி, வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அடியில கறை இருக்கு சார்" என்றாள் பின்னால் நின்ற வெஸி. "இன்னொரு தரம் கழுவுங்க."

கழுவினார்.