'கீப்'பின் முதல் பொருள்

ஏறக்குறைய ஒரு வருடமாக மெரியல் 'கீப்' என்கிற ஒரே ஆங்கில வினைச்சொல்லோடு குடும்பம் நடத்திவந்தாள். இன்று அவள் மேசையில் எலுமிச்சை கேக் இருந்தது. ஒரு சொல்லை முடித்தவர் மாலைத் தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த அகராதி அலுவலகத்து வழக்கம்.

"என்ன மெரியல், கீப்புக்கு அப்பன் பேரு கெடச்சுதா?" என்றான் பக்கத்து மேசை ரூபர்ட்.

"இல்லப்பா. ஜெர்மன், டச்சுன்னு சொந்தக்கார மொழிங்க வீட்டுக் கதவையெல்லாம் தட்டிப் பாத்துட்டேன். எங்க புள்ள இல்லேங்கறாங்க."

"அப்ப 'பிறப்பு தெரியவில்லை'ன்னு போட்டுட்டு கேக்கை வெட்டு. பசி உயிர் போகுது."

சிரித்தாள். ஆனால் கேக்கில் கத்தியை வைக்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள். முதியோர் இல்லத்துக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கணவர் டெஸ்மண்டுக்கு அங்கே ஓர் அறை காலியாகியிருக்கிறது. விட்டால் வேறு யாருக்காவது போய்விடும். போன வாரம் அவர் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போனார். அவள் பெயரை அவர் சொல்லி எவ்வளவு காலமாயிற்று! இருந்தும், கட்டியவரைக் கொண்டுபோய்த் தள்ளுவதா?

வைத்துக்கொள்வது, காப்பது, வாக்குத் தவறாமலிருப்பது என்று அந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்கள். எது பழையதோ அதுதான் அகராதியில் முதலில் வர வேண்டும். இன்று ஊர் எதை அதிகம் சொல்கிறது என்பது கணக்கில் வராது. ஆயிரம் வருடத்து ஏடுகளில் அகப்பட்ட பழைய பொருள்களில் ஒன்றை அவள் முதல் பொருளாக வைத்திருந்தாள்: வழிமேல் விழி வைத்துப் பார்த்திருப்பது.

அவள் வீடு திரும்பியபோது கதவைத் திறந்தது, பகலில் டெஸ்மண்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு கிளெனிஸ். "மத்தியானத்துலேர்ந்து ஜன்னல விட்டு நகரலக்கா. டீயக்கூடத் தொடல."

மெரியல் அவர் தோளைத் தொட்டாள். "டெஸ், நான் வந்துட்டேன்."

அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். "வாங்கம்மா, உக்காருங்க. என் பொண்டாட்டி அடுத்த பஸ்ஸுல வந்துடுவா. நான் இங்க நிக்கலேன்னா பாவம், பயந்துடுவா."

கைப்பையில் தொலைபேசி அடித்தது. இல்லத்து எண்தான். அதை எடுத்துப் பேசாமல் கையில் பிடித்தபடியே ஒரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தெருக்கோடியில் பஸ்ஸின் விளக்கு திரும்பியது.

"அதோ!" என்றார் டெஸ்மண்ட்.

இருவரும் கண்ணாடியில் நெற்றி பட எட்டிப் பார்த்தார்கள்.