கூட வந்த தங்கச்சி

பேசாலை மாதா கோயில் வளவுக்குள் பல் வைத்தியப் பேருந்து வந்து நின்றது. அரசின் உதவிப்பணம் பெறும் குடும்பங்களுக்கு அன்று இலவசம். வெளியே போட்டிருந்த கதிரைகளில் கடைசியில் இருந்தாள் பிரான்சிஸ்கா. கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரே மகள் டினோஜா குவைத்தில். கடைவாய்ப் பல்லில் கராம்பை வைத்து அழுத்திக்கொண்டே மாதக்கணக்காக மீன் காயவைத்தவள், பூசையில் அறிவித்த பிறகுதான் துணிந்து வந்திருந்தாள்.

உள்ளே இளம் பெண் வைத்தியர் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் கூடுதல்தான், பிடுங்கலாம், ஆனால் இன்றைக்குத் தனியே இருக்கக் கூடாது, கூட வந்தது யார் என்று கேட்டார்.

"தங்கச்சி வெளியில நிக்கிறா" என்றாள் பிரான்சிஸ்கா.

கூட்டிவரச் சொன்னார்கள். இறங்கி வந்தாள். தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. அவர்களிடம் துணை கேட்டால், மகள் இருந்தும் பார்க்க ஆளில்லை என்று பொழுதுபடுவதற்குள் ஊர் பேசும். வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற, முன்பின் தெரியாத பெண்ணிடம் போனாள்.

"பிள்ளை, ஒருக்கா என்ர தங்கச்சி எண்டு சொல்லுவியளோ?"

அவள் ஏனென்று கேட்கவில்லை. கூடவே ஏறினாள். சூடாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, இரவு பக்கத்தில் படுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். ஊசி ஏறும்போது பிரான்சிஸ்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பல் வந்தது பிரான்சிஸ்காவுக்குத் தெரியவில்லை. கை விடுபட்டது தெரிந்தது.

அடுத்தது அந்தப் பெண்ணின் முறை. பெயர் சுபத்திரா என்றாள். இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பியவள். தாயும் சகோதரங்களும் இன்னும் அங்கேதான். கூட வந்தது யார் என்று தாதி கேட்பதற்கு முன்னமே சுபத்திரா சொன்னாள்:

"என்ர அக்கா நிக்கிறா."

இருவர் வாயிலும் பஞ்சு. இரத்தம் நிற்கும்வரை கதைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெயிலில் பேசாமல் நடந்து பஸ் தரிப்பிடத்துக்கு வந்தார்கள். எங்கே வீடு, யார் சமைப்பது, இரவில் பயமில்லையா என்று கேட்க எத்தனையோ இருந்தது. வாடியில் நாள் முழுக்க மீனோடு மட்டும் இருக்கிறவளுக்கு, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தும் இன்றைக்கு வாய் கட்டிப்போயிருந்தது.

மன்னார் பஸ் வந்தது. மிதிபலகையில் ஒரு காலை வைத்த சுபத்திரா திரும்பிப் பார்த்தாள். கொண்டக்டர் தகரத்தில் தட்டினான். பிரான்சிஸ்கா கையை நீட்டினாளே தவிர, அது போய் வா என்பதா, இறங்கு என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. விறைத்துப்போன உதடுகள் தங்கச்சி என்று சொல்லப் பார்த்தன.

பஸ் இன்னும் உறுமிக்கொண்டு நின்றது.