தோலை ஒளித்தவன்

என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ஒரு ஜப்பான் கதையால்தான்.

அப்போது, 1996-இல், நீரஜா ஒரு சிறுவர் பத்திரிகைக்கு உலக நாட்டுப் பழங்கதைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு தேசம். அடையாறில் ஒரு நூலகத்திலிருந்து தடித்தடியாக இங்கிலீஷ் புத்தகங்களை எடுத்து வந்து, சமையலுக்கும் எங்கள் பெண் மஹதியின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே பென்சிலால் கிறுக்கித் தள்ளுவாள். முதல் கதையைப் படிக்க முடியவில்லை என்று பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதிலிருந்து சுத்தப்பிரதி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பதினெட்டு வருஷமாக ஆபீஸில் ஃபைல் எழுதுகிற குமாஸ்தா. வெங்கடரமணன் கையெழுத்து என்றால் முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் வேறு அதிகம் கிடையாது, ஆகையால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நைஜீரியாவின் ஆமை, ரஷ்யாவின் கோழிக்கால் வீடு என்று நாலு மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஜூனில் ஜப்பான் வந்தது. ஒரு மீனவன், மரக்கிளையில் தொங்கும் ஒரு சிறகாடையைப் பார்க்கிறான். வானத்திலிருந்து குளிக்க வந்த பெண்ணுடையது. அதை எடுத்து ஒளித்துவிடுகிறான். திரும்பிப் போக வழியில்லாமல் அவள் அவனையே கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறாள். பல வருஷம் கழித்து ஒருநாள் ஆடை அகப்படுகிறது. உடுத்திக்கொண்டு பறந்துபோய்விடுகிறாள்.

எழுதிக்கொண்டே வந்தவனுக்குப் பேனா நின்றுவிட்டது.

"ஜப்பான்ல வேற கதையே கிடைக்கலியா?" என்றேன்.

"ஏன், இதுக்கு என்ன?"

"குழந்தைகள் படிக்கறது. கடைசியில ஆம்படையாளே விட்டுட்டுப் போயிடறாள்னா நன்னாவா இருக்கு?"

"போகாம? அவ ஆடை கிடைச்சுடுத்தே," என்றாள், வாழைக்காயைச் சீவிக்கொண்டே.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

ஜூலையில் குரோஷியா. மாவு மில்லில் ஓநாயாக வந்தவள் தோலைக் கழற்றியதும் பெண்ணாகிவிடுகிறாள். காவல்காரன் தோலை மில் சக்கரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டு அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். அவளும் கடைசியில் தோலைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறாள். ஆக, ஒரு மாதம் தற்செயல் என்றால் இரண்டாம் மாதமும் தற்செயலா?

மஹதி இதைக் கேட்டுவிட்டு, "அந்த மக்கு ஏம்மா தோலை எரிக்காம வெச்சிண்டிருந்தான்? எரிச்சிருந்தா அவ போயிருக்கவே முடியாதே?" என்றாள்.

நீரஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்? அப்பாவைக் கேளு," என்றாள்.

நான் பேனாவுக்கு மை ஊற்றுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

ஒளித்துவைத்தவன் நான். அதைச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். நீரஜா ஆங்கில எம்.ஏ., முதல் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்பே கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு விரிவுரையாளர் வேலைக்காக நேர்முகம் போய்விட்டு வந்திருந்தாள். ஜூன் மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட வீட்டுக்கு வந்த என் கையில் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, புதுக் குடித்தனம், அவள் அங்கே நான் இங்கே என்றால் எப்படி என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அத்தனையும் பொய். அவள் லெக்சரர், நான் குமாஸ்தா. போனால் திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

அவள் ஒரு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கல்லூரிக்கு விசாரித்து ஒரு கடிதம் எழுதினாள். அதைத் தபாலில் சேர்க்கிறேன் என்று வாங்கிப்போய்க் கிழித்துப் போட்டவனும் நான்தான். "வேற யாருக்கோ குடுத்துட்டா போலிருக்கு, விடு," என்று ஆறுதல் சொன்னவனும் நானேதான்.

ஆனால் வேலைக் கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. மஹதி கேட்டபோதும் தெரியவில்லை.

எங்கள் மந்தைவெளி வீட்டில் ஒளித்துவைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. அமாவாசைதோறும் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய எடுக்கிற பை. எள்ளும் தர்ப்பைக் கட்டும் இருக்கிற அந்த மஞ்சள் துணிப் பையைக் கட்டின பெண்டாட்டி தொடக் கூடாது என்பது என் அம்மா போட்ட சட்டம். அம்மா போன பிறகும் நீரஜா அதை மீறியதில்லை. பெருக்கும்போதுகூட அது தொங்குகிற ஆணியிலிருந்து தள்ளி நின்றுதான் பெருக்குவாள். தர்ப்பைக் கட்டுக்கு அடியில் கவர் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம், ஒவ்வொரு அமாவாசையும் எள்ளை எடுக்கும்போதெல்லாம் அதன் மூஞ்சியில் விழித்திருக்கிறேன். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற கையாலேயே அதை மறுபடி உள்ளே தள்ளுவேன்.

குரோஷியாவுக்குப் பிறகு நான் உஷாரானேன். கவரின் மேல் ஒரே ஒரு தர்ப்பையைக் குறுக்காக வைத்தேன். யாராவது தொட்டால் நகர்ந்துவிடும். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று அமாவாசையும் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. ஏனென்றால் இதற்கிடையில் வேறு சங்கதிகள் நடந்தன. பாண்டி பஜாரிலிருந்து ஒரு நீலச் சூட்கேஸ் வாங்கி வந்தாள். யாருக்கு என்று கேட்டால், "ஆத்துல ஒரு நல்ல பொட்டி வேண்டாமா?" என்றாள். இன்னொரு நாள், நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சாவகாசமாக ஆரம்பித்தாள்.

"ஏன்னா, அந்தத் தர்ப்பணப் பை கிழியறாப்பல ஆயிடுத்தே. புதுசு தச்சுத் தரட்டுமா?"

காபி மூக்கில் ஏறிவிட்டது. "அதை நீ தொடப்படாது!" என்று கத்தினேன்.

"நான் எங்க தொட்டேன்? துணி வாங்கித் தச்சுத் தரேன், நீங்களே மாத்திக்கோங்கோ. இதுக்குப் போய் ஏன் இப்படி பதறறேள்?"

பதறாமல்? தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா? எங்கள் தெருவில் திருடனைப் பிடிக்க நாய் வளர்ப்பார்கள். என் வீட்டில் திருடனே காவல் காத்துக்கொண்டிருந்தான்.

தீபாவளி மலருக்கு ஸ்காட்லாந்து. வடக்குக் கடலில் ஒரு தீவு. கடல்நாய்கள் கரையேறித் தோலைக் கழற்றிப் பெண்களாகி நிலவில் ஆடுகின்றன. ஒருவன் ஒரு தோலைத் திருடி வைக்கோலுக்குள் ஒளித்துவிடுகிறான். கடல்நாய்ப் பெண் அவனுக்கு மனைவியாகி, பிள்ளைகள் பெற்று, அடிக்கடி கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒருநாள் கடைக்குட்டி வைக்கோலில் விளையாடும்போது ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டு, அம்மாவிடம் கொண்டுவந்து காட்டுகிறது. அவள் பிள்ளைகளை முத்தமிட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறாள்.

மூன்றாவது! எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் நூற்றெண்பது தேசம் இருக்கிறது, ஆமை இருக்கிறது, நரி இருக்கிறது, பேசுகிற கிளி இருக்கிறது. இவளுக்குப் பெண்டாட்டி ஓடிப்போகிற கதைதான் கண்ணில் படுமா? அந்தக் கோபத்தில் என் ஆயுளில் செய்யாத காரியத்தைச் செய்தேன். ஆபீஸில் மேலதிகாரி எழுதிய வரியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதவன், சுத்தப்பிரதியில் முடிவையே மாற்றினேன். "அவள் தோலைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். தோலை அடுப்பில் போட்டுவிட்டு, இதுவே என் வீடு என்றாள்" என்று எழுதி, அவள் கண்ணில் காட்டாமல் நானே பத்திரிகை ஆபீஸில் சேர்த்துவிட்டு வந்தேன்.

மலர் வந்தது. நீரஜா மஹதியை மடியில் சாய்த்துக்கொண்டு உரக்கப் படித்தாள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். கடைசிப் பத்தி வந்ததும் ஒரு விநாடி நிறுத்தினாள். பிறகு குரல் கொஞ்சம்கூட மாறாமல், "தோலை அடுப்பில் போட்டுவிட்டு, இதுவே என் வீடு என்றாள்," என்று படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"அம்மா, அவ சமத்து," என்றாள் மஹதி.

"ஆமாம்," என்று சொல்லிவிட்டு நீரஜா ரசத்தை இறக்கப் போனாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். கேட்காமல் விட்டதுதான் என்னைத் தின்றது. ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. ஆபீஸில் யாராவது கோயம்புத்தூர் என்றால்கூடத் தூக்கிவாரிப் போடும்.

கார்த்திகை அமாவாசையன்று காலை தர்ப்பணம் முடித்துவிட்டு, பையைக் கையில் பிடித்தபடி உள்ளே போனேன். கட்டில் மேல் நீலச் சூட்கேஸ் திறந்து கிடந்தது. நீரஜா துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பயந்தது நடந்துவிட்டது.

"போயிடாதே, நீரஜா," என்றேன். தர்ப்பைக் கட்டைத் தூக்கி, கவரை உருவி, துணிகளின் மேல் போட்டேன். "இது உன்னோடது. எண்பத்துநாலுல வந்தது. நான்தான் ஒளிச்சு வெச்சேன். நீ எழுதின லெட்டரையும் நான்தான் கிழிச்சேன். என்ன வேணும்னாலும் திட்டு. போகாதே."

அப்போது மஹதி ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "அம்மா, என் ஸ்வெட்டர் வெச்சாச்சா? ஊட்டியில ரொம்பக் குளிருமாம், டீச்சர் சொன்னா."

பள்ளிக்கூடச் சுற்றுலா. போன வாரம் சம்மதக் கடிதத்தில் என் முத்தான கையெழுத்தைப் போட்டவனே நான்தான். மறந்தே போய்விட்டது.

நீரஜா அவளைத் தலை துவட்டிக்கொள்ள அனுப்பிவிட்டு, கவரைக் கையில் எடுத்தாள். பிரிக்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்போலேருந்து?"

"மூணு வருஷமா. டைபாய்டுல படுத்திண்டிருந்தேளே, ஆடி அமாவாசைக்கு சாஸ்திரிகள் ஆத்துக்கு வந்து பண்ணிவெச்சாரே. அவர்தான் பையை எடுத்தார். கட்டைத் தூக்கினபோது கவர் கீழே விழுந்தது. 'அம்மா, உங்க பேர் போட்டிருக்கே'ன்னு என் கையில குடுத்தார். படிச்சேன். இருந்த இடத்துலயே வெச்சுடுங்கோன்னு அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். தர்ப்பையை நான் தொடலே. பயப்படாதீங்கோ," என்றாள்.

நான் காவல் வைத்த ஒற்றைத் தர்ப்பை நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்போ ஏன் ஒண்ணும் கேக்கலே? தெரிஞ்சும் ஏன் போகலே?"

"எங்கே போறது?" சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். கவரைப் பிரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "கதையில வரவாளுக்கெல்லாம் சௌகரியம்தான். எத்தனை வருஷம் கழிச்சுக் கிடைச்சாலும் தோல் அளவு சரியா இருக்கும். கடலும் அங்கயேதான் இருக்கும். இதுல பாருங்கோ, ஜூன் பதினெட்டுக்குள்ள வந்து சேரணும்னு போட்டிருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடு என்றேன், இரண்டு மூன்று தடவை. அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துத் தன் பென்சில் டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு அலமாரியிலிருந்து தீபாவளி மலரையும், தன் பழைய பென்சில் பிரதியையும், ஒரு கட்டு வெள்ளைத்தாளையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"எல்லாக் கதையையும் சேர்த்துப் புஸ்தகமாப் போடறாளாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தப்பிரதி வேணுமாம். ஸ்காட்லாந்துக் கதையை மட்டும் நான் எழுதினபடியே எழுதிக் குடுங்கோ."

"முடிவையுமா?"

"முடிவையும்தான்," என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை மடிக்க ஆரம்பித்தாள். "அவளாவது போகட்டும்."