மூன்றாம் பிறையன்று வந்த வெளிச்சம்

அன்று மாலை மாடுங்காவில் எங்கள் கட்டிடத்து மொட்டைமாடியில் நாற்பது பேர் நின்றிருந்தோம். முப்பத்தொன்பது பேர் அதைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. இதை எழுதும் இந்த நாள்வரை நானாக யாரிடமும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

1947, தீபாவளி கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்றாம் பிறை பார்க்க எங்கள் கட்டிடத்தில் எல்லாரும் மாடிக்கு வந்துவிடுவோம். நிற்கும் இடம்கூடக் குடும்பத்துக்குக் குடும்பம் தீர்மானமானது. எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம். பிறையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறக்கும்போது எந்த முகத்தில் விழிக்கிறோமோ அந்த முகம்தான் அந்த மாதத்தைக் காக்கும் என்பார்கள். மூன்றாவது மாடி கிட்டு மாமா கண்ணைத் திறந்து தன் தொந்தியைப் பார்த்துக்கொள்வார். என் கணவர் வேங்கடசுப்ரமணியன் என் பக்கம் திரும்பி என் முகத்தில் விழிப்பார். கல்யாணமான மூன்று வருடத்தில், மேகம் மறைத்த மாதங்கள் போக, ஒரு பிறைகூடத் தவறியதில்லை.

அன்றும் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திடீரென்று மாடி முழுவதும் "அதோ! அதோ!" என்று கூச்சல். கண்ணைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் ஷ்யாமளா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கை போன வழியில் அவர் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து என்னமோ சொன்னார். இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரிச் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகாயத்தை நிமிர்ந்து பார்த்தபோது அங்கே பிறையைத் தவிர ஒன்றும் இல்லை.

"பாத்தியா விசாலம்?" என்றார்.

"பாத்தேனே" என்றேன்.

ஷ்யாமளா இரண்டாவது மாடி மகாதேவனின் தங்கை. காலேஜில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நான்கு வயதுதான் சின்னவள். ஆனாலும் என்னை மாமி என்பாள். அவரை மாமா என்று கூப்பிட மாட்டாள், சார் என்பாள்.

அது என்ன வெளிச்சம் என்று அடுத்த நாளே வாதம் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பறக்கும் தட்டு தெரிகிறது என்று அந்த வருடம் பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. மாடிப்படி, குழாயடி, பஜனை மடம், எங்கு போனாலும் அதே பேச்சு.

"தட்டாவது, தாம்பாளமாவது! யாரோ மிச்சம் வெச்ச தீபாவளி ராக்கெட், ஓய்" என்றார் கிட்டு மாமா.

"ராக்கெட் படுக்கவாட்டிலயா போகும்?" என்றார் மகாதேவன். "ஏரோப்ளேன்தான். சத்தம் கேட்டதே!"

"சத்தம் போட்டது உம்ம ஆத்துக்காரி."

என் கணவர் மட்டும் அது பெரிய எரிநட்சத்திரம் என்றார். ரயில்வே ஆபீசில் டிராப்ட்ஸ்மேன் அவர். பத்து வருடமாக மற்றவர்கள் போட்ட கோட்டின் மேல் மை பூசிக்கொண்டிருந்தார். இதை அளந்து, படம் போட்டு, ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்குத் தன் பெயரில் அனுப்ப வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஆசைக்குத் துணை ஷ்யாமளா.

அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. பிறை பார்க்க நின்ற இடம் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவரையும் அதே இடத்தில் நிறுத்தி, அது எங்கே தோன்றி எங்கே மறைந்தது என்று கையால் காட்டச் சொன்னார். தூக்குக்குண்டையும் பாகைமானியையும் வைத்து அந்தக் கையின் சாய்வை அவர் அளக்க, ஷ்யாமளா நோட்டில் எழுதினாள். எட்டு நாள் மாலை இதுவே வேலை. ஆபீஸிலிருந்து வந்து காபியை நின்றபடியே குடித்துவிட்டு மாடிக்கு ஓடுவார். கீழே அரிசி களைந்துகொண்டிருக்கும் எனக்கு அவர்கள் சிரிப்பது கேட்கும். என்னிடம் அவர் அப்படி உரக்கச் சிரித்ததில்லை.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, கட்டிடமே மாடியில் கூடியிருந்தது.

"இவ சொன்னா முடிஞ்சது" என்றார் அவர். "எது ஒண்ணும் கூட்டிச் சொல்ல மாட்டா."

எல்லாரும் வடக்கே சயான் பக்கத்திலிருந்து தெற்கே தாதர் பக்கமாக ஒரே வீச்சில் கையை வீசியிருந்தார்கள். நானும் அப்படியே வீசிவிட்டு இறங்கியிருக்கலாம். கையைத் தூக்கினேன். ஷ்யாமளா என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் மேலயா, மாமி?" என்றாள். அவள் விரலில் அவருடைய பென்சிலின் கரி ஒட்டியிருந்தது.

"மேல இல்லை. ரொம்பத் தாழ" என்றேன். "மெதுவா ஆடிண்டு போச்சு. கீழே ஒரு கயிறு தொங்கித்து."

கிட்டு மாமா தொடையைத் தட்டினார். "அரே பாப்ரே! பலூன்! மழை, காத்து பாக்கறதுக்கு விடுவாளே, அது! நானும் கயிறு மாதிரி ஏதோ பாத்தேன், சொன்னா நம்ப மாட்டேளேன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் அப்படித்தான் தோணித்து" என்றது ஒரு குரல். இன்னொருத்தி கயிற்றின் நுனியில் பெட்டி ஒன்றையும் கண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் பதினோரு பேர் என் கயிற்றைப் பார்த்துவிட்டார்கள். எட்டு நாள் எழுதிய கணக்கு என் கண்ணெதிரே அவிழ்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஷ்யாமளா நோட்டை மூடினாள். "மாமி பொய் சொல்றா. அவா ஆகாசத்தையே பாக்கலை. எங்க ரெண்டு பேரைத்தான் பாத்துண்டிருந்தா. நான் பாத்தேன்."

எங்க ரெண்டு பேரை. அந்தச் சொல் மாடி முழுவதும் பரவுவதை என்னால் உணர முடிந்தது. மகாதேவனின் மனைவி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

அவர் தூக்குக்குண்டின் நூலை நிதானமாக விரலில் சுற்றினார். "என் ஆம்படையா பொய் சொல்ல மாட்டா" என்றார். "பலூனாத்தான் இருக்கும்."

ஷ்யாமளா படியிறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "கயிறு என்ன நீளம் இருக்கும்?"

"ஒரு முழம்" என்றேன்.

ஆகாயத்தில் போகும் ஒரு முழக் கயிறு மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பது அளக்கத் தெரிந்தவருக்குத் தெரியும். "சரி" என்றார். அந்தச் 'சரி'யைச் சொல்லும்போதே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். பத்திரிகைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்ததும் இல்லை.

அவளுக்குத்தான் எல்லாம் நேர்ந்தது. கட்டிடத்துப் பெண்கள் அவள் வாயிலிருந்து வந்த சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். மகாதேவன் அவள் படிப்பை நிறுத்தினார். தை பிறந்ததும் நாக்பூரில், முதல் தாரத்தை இழந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நானும் போய் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் கணவர் 1949-இல் நிமோனியா வந்து ஒன்பது நாளில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் ஷ்யாமளாவும் இருந்தாள். இளைத்திருந்தாள். கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து, வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டாள். எத்தனை நாள் ஜுரம், கடைசியில் நினைவு இருந்ததா. சொன்னேன். மற்றவர்கள் எழுந்து போனபிறகு என்னால் அடக்க முடியவில்லை.

"ஷ்யாமளா, அன்னிக்கு அது எப்படி இருந்தது?"

அவள் வியப்படையவில்லை. "பச்சையா இருந்தது, மாமி. நடுவில வெள்ளை. பாதி வழியில ரெண்டா உடைஞ்சது. கயிறெல்லாம் இல்லை."

"அதைப் பாத்துட்டு உன் பக்கம் திரும்பி என்னமோ சொன்னாரே. என்ன சொன்னார்?"

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அவர் முகத்தை நினைக்கிறாள் என்று தெரிந்தது. அந்த முகம் எனக்குக் கிடைக்காத முகம். ஒன்பது நாளும் பக்கத்தில் இருந்தவள் நான். ஆனாலும் அந்தக் கூடத்தில், அந்தக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு, பழையபடியே என் நெஞ்சு எரிந்தது.

"என் படிப்பு போச்சு, பேர் போச்சு. நான் உங்களை ஒண்ணும் கேக்கலை, மாமி" என்றாள். "அது ஒண்ணு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

வாசல்வரை போய் வழியனுப்பும் வழக்கம் துக்க வீட்டில் இல்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். அவள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனாள்.