சிவப்பு வளையம்

அன்று ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: அக்கா, அவள் கணவரான அத்தான், அத்தானின் கூட்டாளி அவசரம், நான், ஒரு ஈரச் சாக்கு. சாக்கை ஆள் கணக்கில் சேர்க்கக் காரணம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அன்று ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

அக்கா பட்டறை வைத்திருக்கிறாள். காடுமேட்டில் ஓடும் ஜீப்புகளுக்கு இழுவைக் கொக்கி பொருத்துவது அவளுடைய தனி வேலை. சேற்றில் மாட்டிய வண்டியை இன்னொரு வண்டி இழுக்கும்போது பெல்ட்டை மாட்டுவதற்கான கொக்கி அது. கனத்த தகடு, அதை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு சேர்த்து முறுக்கிய தடித்த போல்ட்டுகள். பொருத்தி, இழுத்துப் பார்த்து, மனசுக்குத் திருப்தியானால் மட்டும் சிவப்பு பெயின்ட் அடிப்பாள். சிவப்பு என்றால் அக்கா பார்த்தாயிற்று என்று அர்த்தம். சுற்றுவட்டார ஜீப்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ராத்திரி ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த நான், வேறு போக்கிடம் இல்லாமல் அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் அக்கரையில் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பியபோது, கரையேறும் இடத்தில் ஜீப்போடு களிமண்ணில் புதைந்துவிட்டார். முன்சக்கரம் இரண்டும் பாதிக்குமேல் உள்ளே. மலைப்பக்கம் நல்ல மழை. அவசரத்தின் ஜீப்பில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கதவின் அடிவிளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அதனால் அத்தான் ஸ்டியரிங்கை விடவில்லை.

"என்ன, ராஜா மாதிரி கால் நீட்டி உக்காந்திருக்கீங்க?" என்றாள் அக்கா.

"இறங்குனா செருப்பு போயிடும்."

அவசரம் அதற்குள் தன் ஜீப்பைத் திருப்பி, பின்பக்கத்தை ஆற்றுக்குக் காட்டி நிறுத்தியிருந்தான். அவனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அக்கா சேற்றில் இறங்கி, அத்தான் வண்டியின் முன்கொக்கியில் பெல்ட்டை மாட்டினாள். அது அவளே பொருத்தியது. மறுமுனையை அவசரம் தன் வண்டிக்குப் பின்னால் குனிந்து மாட்டினான்.

"எதுல மாட்டுற?" அக்கா கீழேயிருந்து கத்தினாள்.

"வளையத்துல, அண்ணி!"

"சிவப்பா?"

"சிவப்புதான்!"

அக்கா தலையாட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புதான்.

பிறகு அவள் வழக்கமான சடங்குகளை ஆரம்பித்தாள். சாக்கைத் தண்ணீரில் முக்கி, பெல்ட்டின் நடுவில் தொங்கப் போட்டாள். எது அறுந்தாலும் பறக்காமல் கீழே இழுக்க அந்தக் கனம் வேண்டும். அத்தான் வண்டியின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள்.

"பானெட்ட தூக்குனா எனக்கு என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். கதவுக் கண்ணாடி வழியா என் தம்பியப் பாருங்க, கை காட்டுவான். தலைய வெளிய நீட்டாதீங்க. டேய், பெல்ட்டோட நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டுல நில்லு."

"ஆறு வீட்டுக்கே வருது, இவங்க பந்தி வச்சுக்கிட்டிருக்காங்க" என்றான் அவசரம்.

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ராத்திரி முழித்தே பழகித் தூக்கம் கெட்டவனுக்கு எல்லாமே எரிச்சல். ஆனாலும் தள்ளிப் போய் நின்றேன்.

அவசரம் மெதுவாக இழுத்தான். வண்டி அசையவில்லை. "நிறுத்து, முன்னாடி மண்ணை வெட்டணும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கொஞ்சம் பின்னால் வந்து, பெல்ட்டைத் தளரவிட்டு, ஒரே வெட்டாக முன்னால் பாய்ந்தான்.

தகரம் கிழிகிற சத்தம். சிவப்பாக ஒன்று கிளம்பியது மட்டும் தெரிந்தது. சாக்கு பாதி வழியில் அதை மடக்கிப் பார்த்தது, முழுசாக முடியவில்லை. மிச்ச வேகத்தோடு அது அத்தானின் பானெட்டில் போய் மோதி, சேற்றில் விழுந்தது.

பிறகு பானெட்டுக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரல்: "இப்ப நான் செருப்பைப் பத்திக் கவலைப்படல."

அக்கா வளையத்தைச் சேற்றிலிருந்து எடுத்தாள். புது வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பும்போது ஆடாமல் கட்டிப்போட, மெல்லிய தகட்டில் வைத்திருக்கும் வளையம் அது. இழுக்க அல்ல. அதன் மேல் நகத்தால் சுரண்டினாள். பளபளவென்று தோல் உரிந்தது.

"என்ன பெயின்ட் இது?"

அவசரம் தரையைப் பார்த்தான். "எல்லார் வண்டியிலயும் சிவப்பு இருக்கு, என் வண்டில மட்டும் இல்லன்னு... என் வீட்டுக்காரியோட நகப்பாலிஷ், அண்ணி."

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "உன் வண்டிக்கும் எப்பவோ போட்டிருப்பேன்னு நெனச்சேன். மேல வந்து குனிஞ்சு பாத்திருக்கணும்" என்றாள். வளையத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

மூன்று பேரும் சக்கரங்களுக்கு முன்னால் வெட்டினோம். அவசரத்தின் வண்டிக்குப் பின்னால், டிரெய்லர் மாட்டுகிற சதுரக் குழாய் ஒன்று சேஸில் உறுதியாக இருந்தது. அதில் டிரெய்லருக்காகச் செருகியிருந்த இரும்பு உருண்டையை அக்கா கழற்றி வீசிவிட்டு, பெல்ட் முனையில் காது மாதிரி மடித்துத் தைத்த வளையத்தைக் குழாய்க்குள் விட்டு, குறுக்கே இரும்புப் பின்னைச் செருகினாள். படுத்து, கையால் ஆட்டிப் பார்த்தாள். சாக்கை மறுபடி நனைத்தாள். இந்த முறை அவசரம் எறும்பு மாதிரி நகர்ந்தான். களிமண் ஒரு பெரிய முத்தம் கொடுத்து வண்டியை விட்டது.

கரையில் அத்தான் இறங்கி, பானெட்டின் குழியை விரலால் தடவினார். நேராக ஸ்டியரிங்குக்கு எதிரே இருந்தது. "இது என் மூஞ்சிடா" என்றார் என்னிடம். பிறகு போய்ச் சாக்கைப் பிழிந்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். "இதுக்கு ஒரு டீ சொல்லணும்."

அக்கா கையில் இருந்த சேற்றைத் தன் சட்டையால் துடைத்துவிட்டார். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் ஆற்றைப் பார்த்தேன். இவளுடைய தொணதொணப்பு இல்லாவிட்டால் அன்று நாங்கள் எதைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்போம் என்று நினைத்தபோது, என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ராத்திரி ஷிப்டை விட்டதற்காக முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். இல்லையென்றால் அந்த நேரம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் பட்டறையில் அக்கா உளியையும் சுத்தியலையும் எடுத்து, அத்தானின் கொக்கிகள் ஒவ்வொன்றிலும் ஆழமான ஒரு அடையாளக் குத்து வைத்தாள். "இனிமே பெயின்ட் இல்ல. இதை எந்தப் பாலிஷும் செய்யாது."

அவசரம் தன் ஜீப்பை நோக்கிப் போனான். சாவி அக்கா கையில் இருந்தது.

"பின்னாடி ரெண்டு கொக்கி போட்டுத்தான் விடுவேன்."

"அப்ப நான் எப்படி அண்ணி வீட்டுக்குப் போறது?"

"நடந்து."

"அவ பாலிஷ் எங்கன்னு கேட்டா?"

"புது பாட்டில் வாங்கிட்டுப் போ."

வாசலில் அவன் திரும்பி நின்றான். அக்காவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். விளையாட்டாக இல்லை. அவள் "போடா, போ" என்று அவனை வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள்.