ஒரு கைக்கு ஏற்ற துப்பாக்கி

அபாயா என்கிற கறுப்பு மேலங்கிக்குள் துப்பாக்கி இருப்பது வெளியே தெரியாமல் தைக்க முடியுமா என்று மெஹர்பானு கேட்டபோது, முடியும் என்று யோசிக்காமல் சொன்னேன். துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் பதினொரு வருஷமாகப் பெண்களுக்குத் தைக்கிறேன். ஏழாம் மாத வயிற்றையே மறைத்தவள் நான். ஓர் இரும்புத் துண்டு எம்மாத்திரம்?

மெஹர்பானு மேலப்பாளையத்துப் பெண், ஊரில் போலீசில் இருந்தவள். இங்கே ஒரு பெரிய வீட்டு எஜமானியம்மாவுக்கும் அவருடைய இரண்டு வயது மகளுக்கும் காவல். போன மாதம் கடைவீதியில் எவனோ அந்தக் குழந்தையைப் பிடுங்கப் பார்த்தான். அதன் பிறகுதான் அனுமதி வாங்கி இவளுக்குத் துப்பாக்கி கொடுக்க முடிவு செய்தார்கள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. வியாழக்கிழமைக்குள் இவள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

காவலுக்குத் தலைவர் மேஜர் சேதுமாதவன், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரியதைத்தான் எடுக்க வேண்டும் என்றார். அதில் பதினைந்து குண்டு, சின்னதில் ஆறு. முடியாதென்றால் இவள் கேட் டியூட்டிக்குப் போகலாம், குழந்தைக்கு வேறு ஆள் போடுவேன் என்றும் சொல்லிவிட்டார். பெண் உடம்புக்கு எது தோதுப்படும் என்று முடிவு செய்ய ஆம்பளைகளுக்கு எவ்வளவு அவசரம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெரியதற்குத்தான் தைத்தேன்.

புதன்கிழமை அந்த வீட்டின் பின்கட்டு அறையில் அளவு பார்த்தோம். துப்பாக்கியில் குண்டு இல்லை. அபாயாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். துளிகூடத் தெரியவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த நேரம் குழந்தை ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. ஆயா கூப்பிட்டும் போகவில்லை. மெஹர்பானு பழக்கத்தில் இடது கையால் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எந்நேரமும் இப்படித்தான் வச்சிருப்பியா?" என்றேன்.

"வெளிய போனா இறங்கவே மாட்டாக்கா."

குழந்தையை அனுப்பிவிட்டுத் தலையணையை இடது இடுப்பில் இடுக்கச் சொல்லி, துப்பாக்கியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நீளக் குழல் துணியில் சிக்கியது. துணியை விலக்க இன்னொரு கை வேண்டும். மறைப்பதையே பெரிதாக நினைத்து எடுப்பதை மறந்த என் புத்தியை என்ன சொல்ல? தையலைப் பிரித்தேன். சின்னதற்கு ஏற்றபடி வலது பக்கம் ஒரு திறப்பு வைத்தேன். ஒரு கையே போதுமாக இருந்தது.

ஆறு குண்டு போதுமா என்று எனக்குப் பயம். கேட்டேவிட்டேன்.

"பிள்ளைய இறக்கி விட்டுட்டா எந்தத் துப்பாக்கியும் எடுக்கலாம்க்கா," என்றாள். "வாரவன் அவளுக்குத்தான வருவான். நான் இறக்க மாட்டேன்."

மறுநாள் தைத்ததைக் கொடுக்கப் போனபோது, மேஜர் சின்னதைப் பார்த்துச் சிரித்தார். பொம்மை என்றார். மெஹர்பானு வாதாடவில்லை. சமையல்கட்டிலிருந்து இரண்டு கோதுமை மாவுப் பைகள் கொண்டுவந்தாள், ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"இது குழந்தை சார். இப்ப உங்களோடத எடுங்க."

அவர் தம்முடைய துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, பையை இடது கையில் வாங்கி இடுக்கிக்கொண்டார். அவள் கை தட்டியதும் எடுத்தார். என்ன வேகம்! நான் கண் சிமிட்டி முடிப்பதற்குள் குழல் சுவரைப் பார்த்து நின்றது. இரண்டு கையும் அதைப் பிடித்திருந்தன. மேஜர் முகத்தில் சிரிப்பு.

பிறகுதான் கீழே பார்த்தார். பை அவர் காலடியில் உடைந்து மாவு சிதறிக் கிடந்தது.

மெஹர்பானு மற்றப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரையே கை தட்டச் சொன்னாள். அவர் தட்டினார். அவரைவிட மெதுவாகத்தான் எடுத்தாள். பை இடுப்பிலேயே இருந்தது.