கடைசி வரிசையின் ஐந்து மரங்கள்

போஸ்னியாவின் அந்த மேட்டில் இருந்த காவல் அரணின் வரலாறு முழுவதும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அடங்கிவிடும். எட்டுப் பேர், ஒரு பதுங்குகுழி, ஓர் அடுப்பு, இரண்டு குளிர்காலம். எழுதியவன் ஷெஃப்கோ. பேன் தொல்லைக்கும் சீட்டாட்டச் சண்டைக்கும்கூடத் தேதி போட்டு வைத்தவன். அத்தனை ஒழுங்கான மனிதன், அரணைச் சுற்றித் தாங்கள் புதைத்த கண்ணிவெடிகளுக்கு வரைபடம் போட்டபோது அங்கிருந்த பிளம் தோட்டத்தின் கடைசி வரிசையை அடையாளமாக வைத்தான். இரண்டாவது மரத்திலிருந்து நேர் கிழக்கே பன்னிரண்டு தப்படியில் முதல் வெடி. மரம் எங்கே ஓடிவிடப் போகிறது?

ஓடவில்லை, அடுப்புக்குள் போனது. குளிர் வந்ததும் முன்வரிசைகளை வேரோடு தோண்டி எரித்தார்கள். தை மாதக் குளிரில் கடைசி வரிசையின் ஐந்தும் போயின. எதிர்மேட்டில் ஒருவன் குறிபார்த்துக் காத்திருந்ததால் படுத்தபடியே ரம்பம் போட்டு, அடிக்கட்டைகளை விட்டுவிட்டு வந்தார்கள்.

போர் முடிந்து நான்காவது வசந்தம். தோட்டம் முழுக்க இடுப்பளவு புதர். சுற்றிலும் மண்டையோட்டுப் பலகைகள். தோட்டத்தின் சொந்தக்காரி முனீரா, ஷெஃப்கோவோடு பள்ளியில் படித்தவள்.

"என் மரத்தை எரிச்சுக் குளிர் காஞ்ச. பதிலுக்கு இரும்ப நட்டு வச்சிருக்க. நல்ல விவசாயிடா நீ" என்றாள்.

அவன் பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு வெடி அகற்ற வந்தவர்களிடம் போனான்.

வெடி அகற்றும் குழுவின் தலைவி ஜெனிதா அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணே, மரமே இல்லாம இத வச்சு நான் என்ன பண்றது? மாசக் கடைசில அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவோம். அப்புறம் இங்க வர பத்து வருஷம்கூட ஆகலாம்."

முனீரா பத்து வருடம் காத்திருக்க மாட்டாள். நிலம் கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு ஸ்வீடனில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவாள். போனால் அது தன்னால்தான் என்பது ஷெஃப்கோவின் நெஞ்சை அறுத்தது.

தினமும் விடிந்ததும், வெடி அகற்றியிருந்த பாதை வழியே ஏறிப்போய் அரணின் கூரையில் நின்று பார்த்தான். புதர் புதராகவே இருந்தது. பதினோராம் நாள் காலை அதற்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அடிக்கட்டைகள் துளிர்த்து வளர்ந்து பூத்திருந்தன. எண்ணினான். நான்கு. இரண்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் இரண்டு.

ஜெனிதா மறுத்துத் தலையசைத்தாள். "வரைபடத்துல அஞ்சு இருக்கே. சும்மா முளைச்ச செடியை நம்பி என் ஆளுங்கள உள்ள அனுப்ப முடியாது."

ஷெஃப்கோ நோட்டைப் புரட்டினான். தன் கையெழுத்தைத் தானே வாசித்தான்: 'இன்று பனிமூட்டம். எதிரிக்குக் கண் தெரியாது. மூன்றாவது மரத்தின் வேரையும் தோண்டிவிட்டேன். காபி சூடாக இருந்தது.'

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு அவனைத் தார்ச்சாலையில் நடக்கவிட்டு அவன் தப்படியை நாடாவால் அளந்தாள்.

மதியத்துக்குள் முதல் வெடி அகப்பட்டது, அவன் எழுதிய இடத்திலேயே. வேலிக்கு வெளியே நின்றிருந்த ஷெஃப்கோ ஓவென்று அழுதான்.

மாதக் கடைசியில் பலகைகளைப் பிடுங்கினார்கள். முனீரா தான் வரவில்லை என்று ஸ்வீடனுக்குக் கடிதம் போட்டுவிட்டு, ஒரு பிளம் கன்றோடும் மண்வெட்டியோடும் வந்தாள்.

"மூணாவது குழி உன்னோடது. தோண்டு" என்றாள்.